வேதாளம் கேட்ட கேள்வி

படப்பை என்பது அழகியதொரு தமிழ்ச் சொல். பழைய நூல்களில் அதற்குத் தோட்டம் என்று பொருள். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் நெடுஞ்சாலையில், ஒரகடத்துக்குச் சற்று முன்னே, அப்பெயர் தாங்கிய எங்கள் ஊர் இருக்கிறது. அச்சாலையிலேயே மேற்கு நோக்கிச் சென்றால் வாலாஜாபாத். அதற்கும் அப்பால் காஞ்சி மாநகர். இன்று இரவு பகல் என்றில்லாமல் புதுக் கார்களைச் சுமந்த பாரவண்டிகள் அவ்வழியே ஓடுகின்றன. நான் ஆசிரியர் பயிற்சியை முடித்துப் பணியில் அமர்ந்த நாளில் சாலையின் இருமருங்கிலும் நான் கண்டவை ஏரியும் வயலும் தென்னையுமே.

நேயர்களே, அந்த நாளில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லித்தான் இப்பேச்சைத் தொடங்க வேண்டும். 1984ஆம் ஆண்டு. இவ்வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு சிறுவன் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்து, அதனுள் முகத்தைப் புதைத்திருந்தான். கணக்கில் அவனுக்கு அத்துணை ஆர்வம் இருந்ததை நான் அதுவரை கண்டதில்லை. அருகே சென்று பார்த்தால், உள்ளே அம்புலிமாமா. தோளிலே பிணத்தைச் சுமந்து, கையிலே வாளேந்தி, மன்னன் மயானத்தின் வழியே நடந்துகொண்டிருந்தான். பத்திரிகையைப் பறித்து மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். "பொய்யைப் படித்துப் பொழுதைக் கழிக்கிறாயா?" என்று நாலு பேர் அறியக் கடிந்துகொண்டேன்.

மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். கூலி வேலை செய்யும் குடும்பம். ஓலை வேய்ந்த வீடு. திண்ணையில் இருந்த அவன் பாட்டி என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "வாங்க, வாத்தியாரய்யா" என்றார். அம்புலிமாமா முடிதிருத்தும் கடையிலிருந்து இரவலாக வந்ததாம். திருப்பிக் கொடுக்க வழியில்லாமையால், கடையைத் தாண்டிப் பள்ளிக்கு வரச் சிறுவன் அஞ்சியிருக்கிறான். பாட்டி மற்றொன்றும் சொன்னார்: "மூணு நாளா அந்த ராசா முருங்கமரத்தடியிலேயே நிக்கிறான், ஐயா. அப்புறம் என்ன ஆச்சின்னு தெரியல."

நான் கையோடு கொண்டுபோயிருந்த பத்திரிகையை அவனிடம் கொடுத்தேன். விளக்கு ஏற்றினார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவர் வந்து அமர்ந்தார்கள். சிறுவன் படிக்கத் தொடங்கினான். வகுப்பில் பாடம் வாசிக்கச் சொன்னால் எழுத்தெழுத்தாகத் தடுமாறுபவன், அன்று ஓரிடத்திலும் நிற்காமல் படித்தான். மன்னனுக்கு ஒரு குரல், வேதாளத்துக்கு ஒரு குரல். நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

கதை முடிந்ததும் பாட்டி தமக்குத் தெரிந்த வேதாளக் கதை ஒன்றைச் சொன்னார். தேவி கோயிலில் ஒருத்தியின் கணவனும் தமையனும் ஒருவர்பின் ஒருவராகத் தம் தலையை அரிந்துகொள்கிறார்கள். தேவி இரங்கி, தலைகளை உடலோடு ஒட்டவைக்குமாறு அவளுக்குச் சொல்கிறாள். அவளோ பதற்றத்தில் தலைகளை மாற்றி வைத்துவிடுகிறாள். இருவரும் உயிர்த்தெழுகிறார்கள். இவர்களில் அவளுக்குக் கணவன் யார்? தலையே உறுப்புகளுள் தலையாயது. ஆதலால் கணவனின் தலையை உடையவனே கணவன் என்பது மன்னன் விடை. சிறுவன் அதை ஏற்கவில்லை. "அந்த அம்மாவையே கேட்டா சொல்லிடுவாங்களே, ராஜாவை ஏன் கேக்கணும்?" என்றான்.

தெருமுனை வரையில் என்னை வழியனுப்ப வந்தவன், "ஐயா, வேதாளம் நிஜமா?" என்று கேட்டான். "இல்லை, எல்லாம் கற்பனை" என்றேன். அவன் சற்றே யோசித்து, "வேதாளம் பொய்யின்னா, அது கேட்ட கேள்வியும் பொய்யா, ஐயா?" என்றான். என்னிடம் விடை இல்லை. "நாளைக்குப் பள்ளிக்கு வா" என்று சொல்லி நடந்துவிட்டேன்.

அன்று சொல்லாத விடையைத்தான் இன்று உங்கள் முன் வைக்க முயல்கிறேன். குழந்தைகளுக்கு மாயக் கதை சொல்லலாமா என்பது நெடுநாளைய வழக்கு. தக்க அறிஞர் பலர் இரு கட்சியிலும் நின்று வாதாடியிருக்கிறார்கள்.

எங்கள் பயிற்சிப் பள்ளியில் பெரிதும் போற்றப்பட்ட பெயர் மரியா மாண்டிசோரி அம்மையாருடையது. அவர் 1939இல் இந்தியாவுக்கு வந்து சென்னை அடையாற்றில் தங்கி, ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தவர். பூதத்தையும் தேவதையையும் சொல்லுமுன் மண்ணையும் மரத்தையும் காட்டுக. மெய்யுலகைக் கண்டறிந்த மனத்திலேதான் நல்ல கற்பனை விளையும் என்பது அவர் கருத்து. சோவியத்து நாட்டிலே இவ்வழக்கு இன்னும் காரமாக நடந்தது. 1928இல் லெனினுடைய மனைவியார் குரூப்ஸ்கயா அம்மையார், கொர்னேய் சுக்கோவ்ஸ்கி என்னும் குழந்தைக் கவிஞரின் 'முதலை' என்ற கதைப்பாட்டைப் பிராவ்தா இதழில் வன்மையாகக் கண்டித்தார். தெருவிலே நடந்து செல்லும் முதலையால் குழந்தை முதலையைப் பற்றி எதனைக் கற்கும் என்பது அவருடைய கேள்வி. சுக்கோவ்ஸ்கியின் எண்ணம் வேறு. தலைகீழான உலகைக் கண்டு சிரிக்கும் குழந்தை, நேரான உலகு எது என்பதைத் தான் அறிந்திருப்பதாலேயே சிரிக்கிறது என்பது அவர் கட்சி. இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் பேச்சைப் பல்லாண்டுகள் கேட்டுக் குறித்து அவர் எழுதிய நூல் உலகப் புகழ் பெற்றது.

இவ்வழக்கிலே தமிழர் சார்பில் நான் அழைக்கும் சாட்சி, ஏறக்குறைய எங்கள் ஊர்ச் சாலையில் நிற்கிறது. மேற்கே காஞ்சியில் பஞ்சம் தீர்த்தவள் என்று காப்பியம் கூறும் மணிமேகலையே அச்சாட்சி. சாத்தனார் இயற்றிய அக்காப்பியம் உ. வே. சாமிநாதையர் 1898இல் பதிப்பித்தமையால் நமக்குக் கிடைத்தது. அது பௌத்த சமய நூல் என்பதை யாவரும் அறிவர். ஆனால் மாயத்தைக் கண்டெடுத்த ஒரு சிறுவனின் கதையும் அதனுள்ளே அடங்கியிருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அச்சிறுவன் பெயர் ஆபுத்திரன். தாய் அவனைப் பிறந்தவுடன் ஒரு தோட்டத்தில் விட்டுச் செல்கிறாள். ஏழு நாள் ஒரு பசு பாலூட்டிக் காக்கிறது; ஆவின் மகன் என்று பெயர் வருகிறது. ஓர் அந்தணர் எடுத்து வளர்க்கிறார். வளர்ந்த பிள்ளை, வேள்விக்கெனக் கட்டி வைக்கப்பட்ட பசுவை இரவிலே அவிழ்த்துக்கொண்டு போகிறான். ஊரார் அடிக்கிறார்கள், வளர்த்தவரும் கைவிடுகிறார், அவன் ஏந்திய பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போடுகிறார்கள். மதுரைக்குச் சென்று சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தில் தங்குகிறான். வீடு வீடாக இரந்து வந்த சோற்றைக் குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர் அனைவரையும் அழைத்து ஊட்டிவிட்டு, மிஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டையே தலையணையாக வைத்து உறங்குகிறான். ஒருநாள் மழை பெய்யும் நள்ளிரவில் சிலர் வந்து பசிக்கிறதென்று நிற்கிறார்கள். கொடுக்க ஒன்றுமில்லை. அவன் மனம் துடிக்கிறது. அப்போதுதான் சிந்தாதேவி தோன்றி, எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியை அவன் கையில் தருகிறாள்.

நேயர்களே, மாயம் எப்போது வருகிறது என்பதைக் கருதுங்கள். கல்லடி பட்டபோது வரவில்லை; தான் பசித்திருந்தபோதும் வரவில்லை. பிறர் பசிக்குத் தன்னால் உதவ முடியவில்லையே என்று அவன் வருந்திய இரவிலேதான் வருகிறது.

கதை அங்கே முடிந்திருந்தால் அது சாதாரண மாயக் கதையே. சாத்தனார் அதற்கு மேலும் செல்கிறார். ஆபுத்திரனிடம் இந்திரன் தோற்று, வெகுண்டு, பாண்டிய நாட்டில் மழையைக் கொட்டச் செய்கிறான். நாடு செழிக்கிறது, பசித்தவர் எவருமில்லை, அம்பலம் வெறிச்சோடுகிறது. பாத்திரத்தை ஏந்திக்கொண்டு, 'உண்பாருண்டோ?' என்று அவன் வீதி வீதியாகத் திரிய, மக்கள் நகைக்கிறார்கள். சாவக நாட்டிலே பஞ்சம் என்று கேள்வியுற்றுக் கப்பலேறுகிறான். கப்பல் மணிபல்லவத் தீவில் தங்கிப் புறப்படும்போது, அவன் கரையில் இறங்கியிருந்ததை அறியாமல் சென்றுவிடுகிறது. ஆளில்லாத் தீவில், உலகுக்கே சோறிடும் பாத்திரத்தோடு அவன் தனித்து நிற்கிறான். தான் ஒருவன் உண்டு வாழ்வதற்கா இது என்று எண்ணி, உயிர்களைக் காப்பவர் எவரேனும் வந்தால் அவர் கையில் சேர்க என்று வேண்டி, அதைக் கோமுகிப் பொய்கையில் விடுகிறான். உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான். மந்திரப் பொருள் கையிலிருந்தும் அதைத் தனக்கென்று பயன்படுத்த மனமில்லாத சிறுவனின் கதை, உலக இலக்கியத்திலே எளிதில் காணக்கிடைப்பதன்று.

பின்னர் அந்த மணிபல்லவத்துக்கே மணிமேகலை வருகிறாள். யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவே மணிபல்லவம் என்று பலர் கருதுவர். உறங்கும்போது தெய்வத்தால் எடுத்துச் செல்லப்பட்ட இளம்பெண், விழித்து, அறியாத கடற்கரையில் அழுது திரிகிறாள். தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களைக் கற்பிக்கிறது: வேற்றுருவம் கொள்வது ஒன்று, வான்வழியே செல்வது ஒன்று, பசியை வெல்வது ஒன்று. வைகாசி விசாகத்தன்று கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி எழுந்து அவள் கையை அடைகிறது.

அம்மந்திரங்களால் விளைந்தவை யாவை? உதயகுமாரனிடமிருந்து தப்ப, அவள் காயசண்டிகை என்பவளின் உருவம் கொள்கிறாள். அவ்வுருவத்தைக் கண்டு மயங்கிய காயசண்டிகையின் கணவன் அரசகுமாரனை வெட்டி வீழ்த்துகிறான். மாற்றுருவம் ஓர் உயிரைப் பலிகொண்டுவிட்டது. அரசி சினந்து மணிமேகலையைச் சிறையில் அடைத்துப் பட்டினியிடுகிறாள். அங்கே அவளைக் காப்பது பசியை வெல்லும் மந்திரம். அவளது கருத்துப்படி சிறைக்கோட்டம் முன்பே அறக்கோட்டம் ஆகியிருந்தது. இறுதியில் மழையின்றி வாடிய காஞ்சிக்கு வந்து, அமுதசுரபியை வைத்து எல்லா உயிர்க்கும் சோறிடுகிறாள். மாயத்தை வியந்து நில்லாமல், அது எங்கே தீங்காகும், எங்கே அறமாகும் என்று நிறுத்துப் பார்க்கும் நூல் இது.

அமுதசுரபி எத்தகையதோ, வேதாளமும் அத்தகையதே. அதன் வரலாறு நெடியது. குணாட்டியர் பைசாச மொழியில் இயற்றிய பிருகத்கதை இன்று இல்லை. அதன் வழிவந்த கதைகளைக் காசுமீரத்துச் சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் கதாசரித்சாகரமாகத் தொகுத்தார். வேதாளத்தின் இருபத்தைந்து கதைகள் அதனுள் இருக்கின்றன. அதே பிருகத்கதை மரபிலேதான் நம் கொங்குவேளிரின் பெருங்கதையும் தோன்றியது. வேதாளம் பின்னர் விக்கிரமாதித்தன் கதையாய்த் தமிழ் மக்களிடையே இறங்கியது. பெரிய எழுத்துப் பதிப்புகளாய்ச் சந்தையிலும் திருவிழாவிலும் விற்றது. எங்கள் ஊர்ப் பாட்டி எழுத்தறியாதவர். ஆயினும் காசுமீரத்துச் சோமதேவர் அறிந்த கதையை அவரும் அறிந்திருந்தார்.

அக்கதைக்கு ஒரு விதி உண்டு. விடை தெரிந்தும் வாய் திறவாவிடில் மன்னனின் தலை சுக்குநூறாகும். வாய் திறந்தாலோ வேதாளம் மீண்டும் மரத்திற்குத் திரும்பும். மன்னன் ஒவ்வொரு முறையும் நியாயம் சொல்கிறான். ஒவ்வொரு முறையும் சுமை கைநழுவுகிறது. கடைசிக் கதையின் முடிச்சுக்கு மட்டும் அவனுக்கு விடை தெரியவில்லை, பேசாமல் நடக்கிறான். அப்போதுதான் வேதாளம் மகிழ்ந்து, அவனைப் பலியிடக் காத்திருக்கும் துறவியின் சூழ்ச்சியைச் சொல்லிக் காப்பாற்றுகிறது. தெரிந்ததை மறைக்கவும் கூடாது. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டவும் கூடாது. ஓர் ஆசிரியனுக்கு இதைவிட நல்ல பாடம் வேறென்ன வேண்டும்? நானோ கேள்வி பிறக்குமுன்பே 'பொய்' என்று விடை கூறியவன்.

இந்த வேதாளத்தைத் திங்கள்தோறும் சிறுவர் கையில் சேர்த்தது அம்புலிமாமா. நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில், நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலே தெலுங்கில் சந்தமாமா என்றும் தமிழில் அம்புலிமாமா என்றும் அதனைத் தொடங்கினார்கள். அதுவே பின்னர் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளிவந்தது. பாதாள பைரவி, மாயா பஜார் ஆகிய மாயப் படங்களைத் தந்தவர்களும் அவ்விருவரே. பழைய கதைகள் இருபத்தைந்தோடு நில்லாமல், அதே சட்டகத்தில் புதுப்புதுக் கதைகளைப் புனைந்து, ஒவ்வொன்றின் முடிவிலும் வேதாளத்தைக் கேள்வி கேட்க வைத்தார்கள். வாளும் பிணமுமாக நடக்கும் மன்னனை நம் கண்ணில் நிறுத்தியவர் ஓவியர் சங்கர். அவர் 2020இல் மறைந்தார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அம்புலிமாமாவும் இன்று அச்சில் இல்லை.

தமிழிலே இத்துறைக்கு உழைத்தவர் இன்னும் பலர். அழ. வள்ளியப்பா 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவினார். ஆர்வி 'கண்ணன்' இதழை நடத்தினார். 1972இல் தோன்றிய 'கோகுலம்' இதழில் பணியாற்றிய வாண்டுமாமா, மந்திரமும் சாகசமும் விரவிய நெடுங்கதைகளைத் தந்து இரண்டு தலைமுறைச் சிறுவரை வாசகராக்கினார், 2014இல் காலமானார்.

மேல்நாட்டிலும் சிறந்த மாயக் கதைகள் இதே வழியில் செல்வதைக் காண்கிறோம். 1902இல் நெஸ்பிட் அம்மையார் எழுதிய கதையில் ஐந்து பிள்ளைகள் மணற்குழியில் வரமளிக்கும் பிராணி ஒன்றைக் கண்டெடுக்கிறார்கள். கேட்ட வரமெல்லாம் தொல்லையாகவே முடிந்து, பொழுது சாய்ந்ததும் மறைந்துபோகிறது. 1968இல் வெளிவந்த லெ குவின் அம்மையாரின் கதையில், செருக்கினால் மந்திரம் செய்த இளைஞன் தானே எழுப்பிவிட்ட நிழலுக்கு அஞ்சி ஓடுகிறான்; ஒருநாள் திரும்பி அதை எதிர்கொண்ட பின்னரே விடுதலை பெறுகிறான். 1997இல் தோன்றிய ஹாரி பாட்டர், மாடிப்படியின் கீழுள்ள அறையிலே உறங்கிய அநாதைச் சிறுவன். தன்னிடம் மந்திர ஆற்றல் உண்டென்பதைப் பதினொன்றாம் வயதில் அறிகிறான். அவன் கதை தமிழிலும் பெயர்க்கப்பட்டு, எங்கள் வட்டாரப் பிள்ளைகள் கையிலும் இருக்கிறது. தோட்டத்தில் விடப்பட்ட ஆபுத்திரனை அறிந்தவர்க்கு அவன் அந்நியனல்லன்.

இவையெல்லாம் பழங்கதை, தொழில் பெருகிய ஊருக்கு இவை எதற்கு என்று கேட்போர் உண்டு. ஒரகடத்திலே 2010இல் ரெனோ-நிசான் நிறுவனத்தார் கார் செய்யத் தொடங்கினர். இயந்திரக் கைகள் இரும்பைப் பற்றவைக்கும் அழகைப் பார்த்து வந்த பிள்ளைகள் அதைத்தான் மாயம் என்கிறார்கள். நான் மறுக்கவில்லை. ஆயினும் கை எவ்வளவு வலிமை பெற்றதோ அவ்வளவுக்கு, 'இதனை எதற்காகச் செய்கிறாய்?' என்று கேட்கும் வேதாளமும் வேண்டியிருக்கிறது. தலையை மாற்றி ஒட்டவும் வல்லமை வரலாம். அவளைக் கேட்டாயா என்று கேட்க ஒரு சிறுவன் இருக்க வேண்டுமல்லவா?

இனி, அவன் என்னைக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவன் பள்ளிக்குத் திரும்பிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. நண்பகல் மணி அடித்ததும் தட்டை ஏந்தி வரிசையில் நின்றான். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, 1956இல் காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் பரவி, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக வளர்ந்திருந்தது. 2022இல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. அது தொடங்கப்பெற்ற ஊர், ஆபுத்திரன் பாத்திரம் பெற்ற அதே மதுரை. காப்பியத்தைப் படித்துவிட்டுத்தான் அவர்கள் உலையேற்றினார்கள் என்று நான் கூறவில்லை. பசித்த பிள்ளைக்குச் சோறிட வேண்டும் என்ற எண்ணம் இம்மண்ணில் நெடுங்காலமாகக் கதையாகச் சொல்லப்பட்டு வந்தது. பின்னர் ஒருநாள் அரிசியும் பருப்புமாக உலைக்கு வந்தது என்று மட்டும் கூறுவேன். தலைமையாசிரியனாக இருந்த ஆண்டுகளில், பிள்ளைகள் உண்ணுமுன் அச்சோற்றை ஒரு கவளம் சுவைத்துப் பார்ப்பது என் கடமையாயிருந்தது. அப்போதெல்லாம் அவன் நினைவு வந்ததுண்டு.

ஆகவே, அவன் இப்பேச்சை எங்கிருந்தேனும் கேட்டுக்கொண்டிருந்தால் அவனுக்கு நான் சொல்வது இதுவே: தம்பி, வேதாளம் கற்பனைதான். ஆனால் அது கேட்ட கேள்வி மெய். அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை.

பெற்றோர்க்கும் என் தொழிலிலுள்ள இளையோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கணக்குப் புத்தகத்துள் கதைப் புத்தகம் இருக்கக் கண்டால், பாடவேளை முடியுமட்டும் அதை வாங்கி வையுங்கள், தவறில்லை. மாலையில் திருப்பிக் கொடுங்கள். கொடுக்கும்போது, "மன்னன் என்ன விடை சொன்னான்? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, விடை வரும் வரையில் சற்றே பொறுத்திருங்கள்.